கடல் சாமந்தியை வெளியே எடுத்த நாள்

எனக்குக் கல்யாணமானது எண்பதுகளின் நடுவில். பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடும் குடும்பத்திலிருந்து வில்லியனூருக்கு வந்தேன். மாமனார் மாமியார் இல்லை. தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. என் கணவர் புதுச்சேரி டவுனில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். முதல் நாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிதான் இருந்தது. அதற்குள் இரண்டு மீன்கள்.

கோமாளி மீன்கள் என்றார் அவர். கறுத்த உடம்பு, வயிறும் வாலும் மஞ்சள், குறுக்கே சுண்ணாம்பு அடித்தது போல இரண்டு வெள்ளைப் பட்டை. ஒன்று என் நடுவிரல் நீளம் இருக்கும். இன்னொன்று அதில் பாதி. நடுவில் ஒரு பாறைத்துண்டின் மேல் தட்டு அகலத்துக்கு ஏதோ பூப்போல விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கடல் சாமந்தி என்றார். செடியில்லை, அதுவும் ஒரு பிராணிதான். மற்ற மீன் எது தொட்டாலும் அதன் கொடுக்குகள் சுட்டுவிடும். இந்த இரண்டை மட்டும் சுடாது. இரண்டும் அதன் மடியிலேயே புரண்டுகொண்டிருந்தன.

மாணவர்களைத் தெற்கே மண்டபம் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது, பிளாஸ்டிக் பைகளில் ஆக்சிஜன் அடைத்து மடியில் வைத்தே கொண்டுவந்தாராம். ஒரு வாரத்தில் செத்துவிடும் என்று கல்லூரியில் எல்லாரும் சொன்னார்கள். எட்டு மாதமாக அவர் உயிரோடு வைத்திருந்தார். அதில் அவருக்கு இருந்த பெருமை வேறு எதிலும் இருந்து நான் பார்த்ததில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மொபெட்டில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வீராம்பட்டினம் போய் கடல் தண்ணீர் எடுத்துவருவார். துணியில் வடிகட்டி, கறுப்புக் கேன்களில் மூடிவைத்துத் தெளிய விடுவார். மட்டியையும் இறாலையும் மிளகளவு நறுக்கிப் போடுவார்.

அவர் கெட்டவர் இல்லை. பேச்சு குறைவு. நான்கு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதில் பாதிக்கு மேல் அந்தத் தொட்டியைப் பற்றித்தான். 'லைட்ட அணைச்சியா?' 'பம்பு சத்தம் ஒரு மாதிரி கேக்குதே?' நான் வைத்த குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்த மீன்கள் மேல் எனக்கு வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரியமும் இல்லை.

ஐப்பசிக் கடைசியில் அவரைக் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கல்லூரியில் புதிதாக ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டும், பதினைந்து நாள் வேலை. போவதற்கு முன் ஒரு முழுத்தாள் நிறைய எழுதித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். எவ்வளவு தீனி, எப்போது விளக்கு, தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் எந்தக் கோடு வரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம். அதில் ஒரு வரிக்கு மட்டும் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். 'சாமந்தி சில சமயம் சுருங்கும். பயப்படாதே. தானே விரியும். எக்காரணம் கொண்டும் கையை உள்ளே விடாதே.'

மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் விடியும்போதே வானம் கறுத்துக் காற்று பிடித்தது. மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. காலை பத்து மணி இருக்கும், கரண்ட் போனது.

தொட்டிக்குக் காற்று அனுப்பும் பம்பு நின்றதும் வீட்டில் ஒரு அமைதி வந்தது. நான்கு மாதமாக அந்த உறுமல் இல்லாமல் அந்த வீட்டை நான் கேட்டதே இல்லை. தொட்டியில் குமிழிகள் நின்றுவிட்டன. தாளைப் படித்தேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அதில் இல்லை. வழக்கமாக அரைமணி, ஒரு மணி நேரம் போகும், வந்துவிடும். காத்திருந்தேன்.

மத்தியானம் ஆகியும் வரவில்லை. சின்ன மீன் மேலே வந்து, தண்ணீரின் மட்டத்தில் வாயை வைத்து வைத்து எடுத்தது. எங்கள் ஊர் ஏரியில் கோடையில் தண்ணீர் வற்றும்போது கெண்டைகள் இப்படித்தான் செய்யும். மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். கையை உள்ளே விடாமல் ஒரு சொம்பை மட்டும் முக்கி, மொண்டு, ஓரமாக ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன். ஊற்றினால் குமிழி போகிறது. மீன் கீழே இறங்கியது. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மேலே வந்தது. அப்படியே மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தோள் இறங்கிப்போனது.

பக்கத்து வீடு சைக்கிள் கடை பாயின் வீடு. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நெருப்புப்பெட்டி கேட்க வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாடி பண்ற, தொட்டிக்கு அபிசேகமா?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா நெருப்புப்பெட்டியை மறந்து திரும்பி ஓடினார். சற்று நேரத்தில் பாய் வந்தார், கடையை மூடியிருந்ததால் வீட்டில்தான் இருந்திருக்கிறார். தொட்டியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார்.

"காத்துதானே வேணும் இதுக்கு? கொஞ்சம் இரு."

அவர் கொண்டுவந்தது ஒரு பழைய லாரி டியூப். அதில் காற்றை முழுக்க அடித்தார். டியூபின் மூக்குக்குள் இருந்த வால்வு பின்னைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தி, தொட்டிப் பம்பிலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி அதில் இறுக்கிக் கட்டினார். குழாய் வழியாகக் காற்று கசிந்து தொட்டிக்குள் குமிழி வந்தது. டியூபின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் என் அம்மிக்கல்லைத் தூக்கிவைத்தார்.

"மூணு மணி நேரம் தாங்கும். அப்புறம் திரும்ப அடிக்கணும். நீயே அடிச்சிடுவ இல்ல?"

அடித்தேன். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அடித்தேன். சைக்கிள் பம்பால் லாரி டியூபை நிரப்புவது என்னவென்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளங்கை கொப்புளித்தது. அடித்துவிட்டுப் படுப்பேன், கண்ணயர்வதற்குள் குமிழி மெலிந்துவிடும். இதற்கு நடுவில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. மழைத் தண்ணீர் சொட்டினால் உப்பு நீர்த்துவிடுமே என்று யூரியா சாக்கைப் பிரித்துத் தொட்டிக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினேன்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து சந்தாகச் சொல்லிப் போனார், ஆரியபாளையத்துப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, யாரும் டவுனுக்குப் போகாதீர்கள் என்று. கரண்ட் கம்பங்கள் மூலக்குளம் பக்கம் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றனவாம். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தபால் ஆபீசுக்குப் போனேன். காரைக்காலுக்கு டிரங்க் கால் போட வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடலூருக்கே லைன் இல்லமா. காரைக்காலுக்கு எங்க போறது." முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தேன்.

ஆறாம் நாள் காலை சாமந்தி சுருங்கியிருந்தது.

தட்டு அகலம் இருந்தது கைப்பிடி அளவு ஆகிவிட்டது. தாளைப் போய்ப் பார்த்தேன். 'பயப்படாதே. தானே விரியும்.' சரி என்று விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவில் அதன் வாய் ஆவென்று திறந்திருந்தது. உள்ளிருந்து பழுப்பாக நூல் நூலாக ஏதோ வந்துகொண்டிருந்தது. கொடுக்குகளின் மேல் வெள்ளையாகச் சளி. பெரிய மீன் அதை விட்டு நகரவில்லை. அந்தச் சளியை வாயால் பிய்ப்பதும், மறுபடி அதற்குள் நுழையப் பார்ப்பதுமாக இருந்தது. சின்னது மூலையில் மேலே போய்த் தொங்கியது.

தண்ணீரின் மேல் குமிழிகள் வந்தவுடன் உடையாமல் நுரையாக ஒதுங்கி நின்றன. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. சாமந்தியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கெட்டுப்போகிற தண்ணீரைப் பற்றித் தெரியும். ஏரி மதகுக்குப் பக்கம் மீன் சாகுமுன் தண்ணீர் இப்படித்தான் நுரை கட்டும், நாற்றம் அதற்குப் பிறகுதான் வரும். குனிந்து முகர்ந்து பார்த்தேன். நாற்றமும் வர ஆரம்பித்திருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது செத்துகினு இருக்குதுக்கா. உள்ளயே வுட்டா ரெண்டு மீனையும் கொன்னுடும். எடுத்துடலாம்னு பாக்கறேன்."

அக்கா சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"கைய வுடாதன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. யோசிச்சிக்க தங்கச்சி. வுட்டுட்டா, மழையில மீனு செத்துச்சின்னு போவும். நீ கைய வுட்டப்புறம் செத்தா, உன்னாலதான் செத்துச்சின்னு ஆவும். காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ஆம்பளைங்கள உனுக்குத் தெரியாது."

அக்கா சொன்னது சரி. அதுதான் என்னை உட்காரவைத்தது. தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வருடமாக அதைக் காப்பாற்றியவர் விரியும் என்கிறார். நான்கு மாதம் தள்ளி நின்று பார்த்த நான் செத்துவிட்டது என்கிறேன். உயிரோடு இருப்பதைப் பிடுங்கிப் போட்டேன் என்று ஆகிவிட்டால்? தொட்டுப் பார்த்தால் தெரியும். தொட்டாலே பேச்சை மீறியதாகிவிடும். சின்ன மீனின் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அதை எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை, அவ்வளவு வேகம்.

புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். சோப்பு போடாமல் முழங்கை வரை கழுவினேன். கையை உள்ளே விட்டேன்.

பெரிய மீன் நேராக வந்து கடித்தது. விரல்நீள மீன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தோலைப் பிடித்துக்கொண்டு உதறியது. கையை இழுத்துவிட்டேன். இரண்டாம் தடவை விட்டேன், மறுபடி கடித்தது. அதற்குப் பல்லின் பலம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அந்தக் கோபம்! அது தன் வீட்டைக் காக்கிறது என்று புரிந்தது. மூன்றாம் தடவை கடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சாமந்தியின் அடியைத் தடவினேன். அது பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தொட்ட இடம் சோறு குழைந்தது போல விரலோடு வந்தது. இரு கையாலும் ஏந்தித் தூக்கினேன். முழங்கையின் உட்புறம் அதன் கொடுக்குகள் ஒட்டிய இடமெல்லாம் சூட்டுக்கோல் வைத்தது போல எரிந்தது. அக்கா தகர வாளியைப் பிடித்தார். அதில் போட்டு மேலே தட்டைக் கவிழ்த்தேன்.

"தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றார் அக்கா.

"வேணாங்க்கா. அவரு வந்து பாக்கணும்."

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கேன்களில் மிச்சம் இருந்த கடல் தண்ணீர் இரண்டே கேன். தொட்டியிலிருந்து அந்த அளவு தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டேன். முதல் உறிஞ்சில் அந்த நாற்றத் தண்ணீர் வாய்க்குள் போய் வாந்தி எடுத்தேன். பிறகு இரண்டு கேனையும் மெல்ல ஊற்றினேன். இனி ஒரு சொட்டு கிடையாது. பாலம் திறந்தாலும் கிடையாது, ஆற்றுவெள்ளம் சேர்ந்து கடல் செம்மண் நிறத்தில் இருக்கும் என்று பாய் சொல்லியிருந்தார்.

சாமந்தி இருந்த பாறை மொட்டையாக இருந்தது. பெரிய மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துக் கழுவிப் பாறைமேல் சாய்த்து வைத்தேன். அன்று முழுக்க இரண்டும் அதன் பக்கமே போகவில்லை. இறால் கிடைக்கவில்லை, அக்கா கொடுத்த சென்னாக்குன்னி என்ற பொடி இறால் கருவாட்டை ஊறவைத்து, உப்புப் போக அலசி, நசுக்கிப் போட்டேன். தின்னவில்லை. நான் பம்பு அடித்துக்கொண்டே இருந்தேன். செய்தது சரியா தப்பா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. பம்பு உறுமத் தொடங்கியதும் நான் தரையில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனேன்.

எட்டாம் நாள் மழை விட்டிருந்தது. பாலத்தின் மேல் தண்ணீர் வடிந்துவிட்டது, பஸ் இன்னும் விடவில்லை. காலை பதினொரு மணிக்கு என் கணவர் வந்து நின்றார். கால்சட்டையெல்லாம் சேறு. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, டவுனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வாசலில் செருப்பை விட்டபடியே கேட்டார்.

"மீனு இருக்குதா?"

நான் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனேன். பானை ஓட்டையும் மொட்டைப் பாறையையும் பார்த்தபடி நின்றார். முகம் வெளுத்தது.

"சாமந்தி எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? யாரு உன்ன கைய வுடச் சொன்னது? எழுதி ஒட்டிட்டுத்தானே போனேன்? படிக்கத் தெரியாதா உனுக்கு?"

அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தில் போனவர்கள் நின்றார்கள். அக்கா தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதையும் பார்த்தேன். 'ஆம்பளைங்கள உனுக்குத் தெரியாது' என்று அவர் சொன்னது காதில் கேட்டது. அழப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அழுகை வரவில்லை.

"பின்கட்டுல வாளி இருக்குது. போயி மோந்து பாருங்க. அப்புறம் கத்துங்க," என்றேன்.

போனார். தட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. இரண்டு நாளில் அது கரைந்து வெறும் வழுவழுப்பாகிவிட்டிருந்தது, அந்த நாற்றம் முன்னறை வரை வந்தது. வெகுநேரம் அவர் வரவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார். என் கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து தடித்துக் கொப்புளம் கட்டியிருந்தது.

"இது அது சுட்டதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வினிகர் ஊத்தினியா?"

"வூட்ல வினிகர் எங்க இருக்குது?"

ஈரச் செருப்பையே மாட்டிக்கொண்டு போனார். கடைத்தெருவில் பாதிக் கடை மூடியிருந்தது, எங்கே போய் வாங்கினாரோ, அரைமணி கழித்து ஒரு பாட்டிலோடு வந்தார். துணியை நனைத்து அவரே ஒற்றினார். காலம் கடந்துவிட்டது, இப்போது பெரிதாகப் பயன் இருக்காது என்று சொல்லிக்கொண்டே ஒற்றினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதில், "முதல்ல இன்னா ஆச்சி, சொல்லு" என்றார்.

சொன்னேன். கரண்ட் போனது, சொம்பு, லாரி டியூப், அம்மிக்கல், நுரை, கடித்தது. அவர் நடுநடுவே கேட்டார். எத்தனை மணிக்கு வாய் திறந்தது, நூல் மாதிரி வந்தது என்ன நிறம், நுரை என்று எதைச் சொல்கிறாய். நுரையைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார். எங்கள் ஏரி மதகைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அதிலிருந்து எங்கள் அப்பா ஏரியில் விழுந்த கதை வந்தது. அவர் சிரித்தார். மத்தியானச் சோறு தாண்டிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நான் எடுத்திருக்காவிட்டால் மறுநாளைக்குள் தொட்டி முழுக்கச் செத்திருக்கும் என்று அவரே சொன்னார். அதை என்னிடம் சொன்னதோடு விடாமல், சாயங்காலம் போய் பாயிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் ஒன்று. பாலத்தைத் தாண்டி நடந்து வந்த மனிதர் வாசலில் கேட்ட முதல் கேள்வி மீனைப் பற்றித்தான். மழையில் நீ எப்படி இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் அதைச் சொல்லிக் காட்டினேன். "நீ நின்னுகினு இருந்தியே, கண்ணால பாத்தேனே, அத வேற கேக்கணுமா?" என்றார். அவர் பக்கம் அது நியாயம்தான். எனக்கு இன்றைக்கும் அது முழுதாக ஆறவில்லை.

மீன்கள் பிழைத்தன. சாமந்தி இல்லாமலே வாழப் பழகிக்கொண்டன. மாசியில் பெரியது அந்தப் பானை ஓட்டின் உட்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை போட்டது, நூறு இருநூறு இருக்கும். சின்னதுதான் இரவு பகலாக அவற்றுக்குத் துடுப்பால் விசிறியது. பொரிந்த குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி இருந்தன. அவற்றுக்கு என்ன தீனி போடுவதென்று அவருக்கும் தெரியவில்லை, கல்லூரியில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று நாளில் எல்லாம் போய்விட்டன. நான் அழுதேன். அவர் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் வருடக் கோடையில் பெரியது செத்தது. அப்போது அவர் ஒரு விஷயம் சொன்னார்: இந்த ஜாதியில் பெண் போய்விட்டால் ஆண் வளர்ந்து பெண்ணாக மாறிவிடும். நான் நம்பவில்லை, கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சுற்றுலாவில் மண்டபத்திலிருந்து இன்னொரு சின்ன மீனைக் கொண்டுவந்து விட்டார். அதற்குள் எங்களுடையது நடுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. புதிதாக வந்ததை ஒரு வாரம் மூலைக்கு மூலை துரத்தியது. பிறகு ஒருநாள் காலை நான் தீனி போடப் போனபோது, அன்று மூச்சு முட்டி மேலே தொங்கிய அந்த மீன் பானை ஓட்டில் வயிற்றை உரசி உரசி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. "இன்னாங்க, இங்க வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்த முகத்தோடு ஓடிவந்தார்.